டிராயிங் செத்துப்போச்சு என்கிறவர்களுக்கு, ஒரு பழைய டிராயிங் வாத்தியாரின் பதில்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் இப்போதே படியுங்கள். இல்லாதவர்கள் சேமித்து வைத்து ஞாயிற்றுக்கிழமை படியுங்கள். படிக்காமலே லைக் போட்டுவிட்டுப் போகிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். வகுப்பிலும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து இப்படித்தான் தலையாட்டினீர்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பேச்சு ஓடியது. என்னிடம் படித்து, இன்று ஒரு டிசைன் ஆபீஸில் நல்ல பதவியில் இருக்கும் தம்பி எழுதியிருந்தார்: "சார் கோபிக்கக் கூடாது. முதல் வருஷப் பையன்களுக்கு இன்னும் இன்ஜினியரிங் டிராயிங் நடத்துவது நேர விரயம். 3டி மாடல் செய்தால் சாஃப்ட்வேரே மூன்று வியூவும் போட்டுத் தருகிறது. நாளைக்கு ஏஐ மாடலையும் போட்டுவிடும். இந்தப் பாடத்தை எடுத்துவிட்டு கோடிங் சேர்க்கலாம்." அதற்குக் கீழே முப்பது நாற்பது கட்டைவிரல்கள். அதில் பாதி நான் ஷீட்டில் கையெழுத்துப் போட்டுப் பாஸ் ஆக்கிவிட்ட கட்டைவிரல்கள்.

எனக்குக் கோபமே வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அன்று இரவே பதில் எழுதாமல் ஒரு வாரம் ஆறப்போட்டேன். இப்போது நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் எதற்காக நான் வாதாடவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். டிராயிங் போர்டுக்காக அழவில்லை. மினி டிராஃப்டரைப் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் கண்ணில் குத்தாமல் கொண்டுவந்த கஷ்டம் போனதில் எனக்கும் சந்தோஷம்தான். 2எச் பென்சில் சீவி, ரப்பர் தூளை ஊதி, வியர்வைக் கை பட்டு ஷீட் கறுத்துப்போன காலம் திரும்பி வர வேண்டாம். கம்ப்யூட்டரில் கோடு நேராக விழுகிறது, அழித்தால் தடம் தெரிவதில்லை. நல்லது.

போர்டு போகட்டும். அந்தப் போர்டில் கற்றுக்கொண்டதையும் சேர்த்துத் தூக்கிப் போடாதீர்கள் என்பதுதான் என் வழக்கு.

டிராயிங் எதற்கு வந்தது? ஒரு பொருளைச் செய்ய நினைப்பவர் ஓரிடம், செய்பவர் வேறிடம். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்திருக்கக்கூட மாட்டார்கள். செய்பவர் சந்தேகம் கேட்க ஆள் இல்லை. அப்படி ஒருவர் கையில் காகிதம் போய்ச் சேரும்போது அவர் ஒரே ஒரு பொருளைத்தான் அதிலிருந்து எடுக்க முடிய வேண்டும். இரண்டு விதமாக எடுக்க முடிந்தால் அந்தக் காகிதம் தோற்றுவிட்டது. கோடு எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

பிரான்சில் காஸ்பார் மோன்ஜ் என்ற இளைஞர் 1760களில் மெசியேர் ராணுவப் பொறியியல் பள்ளியில் வேலை பார்த்தபோது, கோட்டைச் சுவர் சம்பந்தமான கணக்கு ஒன்றை வரைபடத்திலேயே தீர்த்துக் காட்டினார். நீண்ட கூட்டல் கழித்தல் எல்லாம் வேண்டியிருக்கவில்லை. அந்த முறையை வெளியே சொல்லக் கூடாது என்று ராணுவ ரகசியமாகப் பூட்டி வைத்தார்கள். 1790களில்தான் அவர் அதை வெளிப்படையாகப் பாடம் நடத்த முடிந்தது. நீங்கள் "போர்" என்று சொன்ன ஃப்ரன்ட் வியூவும் டாப் வியூவும் ஒரு காலத்தில் பீரங்கிக்குச் சமமாகக் காவல் காக்கப்பட்ட சங்கதி.

இப்போது நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

என் தங்கை மகன் கோவையில் சின்னதாக ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். இரண்டு லேத், ஒரு மில்லிங், ஒரு டிரில்லிங் மெஷின். போன வருஷம் ஒரு பிராக்கெட் ஆர்டர் வந்தது. 120 பீஸ். மெட்டீரியலும் இவனே போட வேண்டும். டிராயிங் பி.டி.எஃப். ஆக போனில் வந்தது. அதில் ஃப்ரன்ட் வியூ, அதற்கு வலப்பக்கம் ஒரு சைடு வியூ. அளவுகள் எல்லாம் இருந்தன. ஒன்று மட்டும் இல்லை. ஷீட்டின் மூலையில் இருக்க வேண்டிய புரொஜெக்‌ஷன் குறி. துண்டித்த கூம்பும் இரண்டு வட்டமுமாக நான் உங்களைப் போட வைத்துக் கொல்லுவேனே, அதேதான்.

ஃப்ரன்ட் வியூவுக்கு வலப்பக்கம் வரைந்திருப்பது எந்தப் பக்கத்திலிருந்து பார்த்த தோற்றம்? முதல் கோண முறை என்றால் இடப்பக்கத்திலிருந்து பார்த்தது. மூன்றாம் கோண முறை என்றால் வலப்பக்கத்திலிருந்து பார்த்தது. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் முதல் கோணம் வழக்கம். அமெரிக்காவில் மூன்றாம் கோணம். நம் ஊர்ப் பையன் நம் ஊர் வழக்கப்படி முதல் கோணமாகப் படித்தான். வரைந்தவர் மூன்றாம் கோணத்தில் வரைந்திருந்தார்.

120 பீஸும் முடிந்து போய், ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்தது. என்னிடம் ஒரு பீஸைக் கொண்டுவந்து காட்டினான். "மாமா, அளவு ஒண்ணுகூடத் தப்பில்லீங்க. நீங்களே வெர்னியர் வெச்சுப் பாருங்க" என்றான். பார்த்தேன். அவன் சொன்னது உண்மை. ஒரு அளவும் தப்பில்லை. ஆனால் அவர்கள் கேட்டது வலது கால் செருப்பு, இவன் செய்தது 120 இடது கால் செருப்பு. முன்னால் வர வேண்டியது பின்னால் போயிருந்தது.

ஆர்டர் கொடுத்தவர்களிடம் கேட்டால், "சந்தேகம் இருந்தால் நீங்கள்தான் கேட்டிருக்க வேண்டும்" என்றார்கள். அவனுக்குச் சந்தேகமே வரவில்லை, எப்படிக் கேட்பான்? மெட்டீரியல், கூலி, கரண்ட் எல்லாம் சேர்த்து 80,000 ரூபாய்க்கு மேல் அவன் தலையில். கோடு போட்டவருக்கு அந்த மாதச் சம்பளத்தில் ஒரு ரூபாய் குறையவில்லை.

இதைத்தான் கட்டைவிரல் போட்டவர்கள் யோசிக்க வேண்டும் என்கிறேன். டிராயிங்கில் விடுகிற தப்புக்கான அபராதம் டிசைன் ஆபீஸுக்கு வருவதில்லை. கடைசியில் இருக்கும் லேத்துக்காரருக்கும் மேஸ்திரிக்கும் வீடு கட்டுகிறவருக்கும் போகிறது.

சாஃப்ட்வேர் மூன்று வியூவும் தானாகப் போடுகிறதே என்கிறீர்கள். போட்டது. அந்த பிராக்கெட்டுக்கும் சாஃப்ட்வேர்தான் போட்டது. எந்த டெம்ப்ளேட்டைத் திறக்கிறோமோ அந்தக் கோணத்தில் அது போடும். அமெரிக்க டெம்ப்ளேட் என்றால் மூன்றாம் கோணம். "தம்பி, இதைப் படிக்கப் போகிறவர் கணபதியில் இருக்கிறார், அவருக்கு முதல் கோணம்தான் பழக்கம்" என்று அதற்குத் தெரியாது. அது தெரிய வேண்டியது மவுஸைப் பிடித்திருப்பவருக்கு. அவருக்கு இரண்டு கோணமும் ஒரு செமஸ்டர் முழுக்க மண்டையில் ஏறியிருந்தால் குறியைப் போடாமல் அனுப்பக் கை வந்திருக்காது.

இதில் ஒரு கூத்தும் உண்டு. நான் படித்த 1970களில் இந்தியத் தரமே மூன்றாம் கோணத்தைத்தான் பரிந்துரைத்தது. பிறகு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் எஸ்.பி. 46 கையேடு 1988இல் முதல் கோணத்துக்கு மாற்றியது. நான் வாத்தியாரான பிறகு, மூன்றாம் கோணத்தில் பழகிய கண்ணை முதல் கோணத்துக்குத் திருப்பிப் பழக்கிக்கொண்டேன். அதனால்தான் சொல்கிறேன்: எது சரி, எது தப்பு என்ற சண்டையே இல்லை. இரண்டுமே சரி. எது என்று சொல்லாமல் விடுவது மட்டும்தான் தப்பு.

சொந்தக்காரர்கள் "இது மெக்கானிக்கல் சமாச்சாரம், நமக்கென்ன" என்று நழுவ வேண்டாம். உங்களுக்கும் ஒரு கதை வைத்திருக்கிறேன்.

என் அண்ணன் மகள் வீடு கட்டினாள். பிளான் ஏ3 தாளுக்கு 1:50 ஸ்கேலில் போட்டது. அதை வாட்ஸ்அப்பில் அனுப்ப, கடையில் ஏ4 தாளில் அடங்கும்படி சுருக்கி பிரிண்ட் எடுத்தார்கள். பாத்ரூம் அகலத்துக்கு மட்டும் அளவு எழுத மறந்திருந்தார் பிளான் போட்டவர். மேஸ்திரி என்ன செய்வார்? மூலையில் 1:50 என்று இருக்கிறது. ஸ்கேலை வைத்து அளந்தார். 21 மி.மீ. வந்தது. 50ஆல் பெருக்கினார். 1.05 மீட்டர். சுவரை எழுப்பிவிட்டார்.

உண்மையில் அது 1.5 மீட்டர். ஏ3 தாளில் 30 மி.மீ. ஏ4க்குச் சுருக்கும்போது எந்த நீளமும் ஏறத்தாழ 0.7 மடங்காகிவிடும். 30 என்பது 21 ஆனது. ஐந்தடி பாத்ரூம் மூன்றரை அடி ஆனது. இடுப்பளவு சுவர் வந்த பிறகு, "சித்தப்பா, இதுக்குள்ள நின்னு எப்படிக் குளிக்கிறது?" என்று போன் வந்தது. இடித்துக் கட்டினோம்.

"அளவு எழுதியதை மட்டும் எடுத்துக்கொள், தாளை அளக்காதே" என்பது டிராயிங்கின் அரிச்சுவடி. செய்கிறவர் அளக்க வேண்டிய நிலைக்கு வராதபடி எல்லா அளவும் எழுது, ஒரே அளவை இரண்டு இடத்தில் எழுதாதே என்பது அதற்கு அடுத்த வரி. மேஸ்திரிமேல் நான் கோபப்படவில்லை. அவர் கையில் இருந்த காகிதம் பேசவில்லை. அவராகப் பேச வைத்தார்.

"இந்த விதிகள் எல்லாம் பழசு சார், யாரோ வெள்ளைக்காரன் வைத்தது" என்று ஒருவர் எழுதியிருந்தார். விதி பழசுதான். காரணம் பழசாகவில்லை. மூன்று உதாரணம் மட்டும்.

ஒன்று. வெட்டுத் தோற்றத்தில் ரிப்பை நீளவாக்கில் வெட்டினால் அதற்கு ஹேட்சிங் போடக் கூடாது என்பேன். ஏன்? போட்டால் படிக்கிறவர் அந்த இடம் முழுக்கக் கெட்டியான கட்டி என்று நினைப்பார். மெல்லிய தகடு போல இருக்க வேண்டிய ரிப் அவர் கண்ணில் காணாமல் போய்விடும். போல்ட், ஷாஃப்ட், கீ இவற்றையும் நீளவாக்கில் வெட்டிக் காட்டாததற்குக் காரணம், முழுசாக விட்டால் பார்த்த உடனே அது போல்ட் என்று தெரியும்.

இரண்டு. ஒரு பிளேட்டில் வரிசையாக ஐந்து ஓட்டை. விளிம்பிலிருந்து முதல் ஓட்டைக்கு ஒரு அளவு, அதிலிருந்து அடுத்ததற்கு ஒரு அளவு என்று சங்கிலி போலக் கொடுத்தால், ஒவ்வொன்றிலும் 0.1 மி.மீ. கூடக்குறைய அனுமதித்தாலும் ஐந்தாவது ஓட்டை 0.5 மி.மீ. வரை தள்ளிப் போகலாம். டிரில்லிங் செய்தவர் மேல் ஒரு குற்றமும் இருக்காது, ஆனால் போல்ட் இறங்காது. எல்லா அளவையும் ஒரே விளிம்பிலிருந்து கொடுத்தால் ஐந்தாவது ஓட்டைக்கும் அதே 0.1தான். கம்ப்யூட்டர் இரண்டு விதமாகவும் அழகாகப் போட்டுத் தரும். எது வேண்டும் என்பதை அந்தப் பிளேட் என்ன வேலை செய்யப் போகிறது என்று தெரிந்தவர்தான் சொல்ல முடியும்.

மூன்று. 25 எச்7 என்று ஒரு துளைக்கு எழுதினால், 25.000 முதல் 25.021 மி.மீ. வரைக்குள் முடிக்க வேண்டும் என்று பொருள். தலைமுடிப் பருமனைவிடக் குறைந்த இடைவெளி. ரீமர் வேண்டும், நேரம் வேண்டும், கேஜ் வேண்டும், காசு வேண்டும். அது வெறும் போல்ட் நுழைகிற துளையாக இருந்தால் இத்தனையும் தண்டம். பியரிங் உட்காரும் இடமாக இருந்து எழுதாமல் விட்டால் மெஷின் தண்டம். இரண்டு எழுத்தில் இவ்வளவு பணம் இருக்கிறது. இதைப் படிக்கத் தெரியாதவரை இன்ஜினியர் என்று எப்படிச் சொல்வது?

இவை காசோடு போகிற கதைகள். உயிரோடு போன கதையும் உண்டு.

1981 ஜூலை 17. அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஹயாட் ரீஜென்சி ஓட்டல். முன்கூடத்தின் மேலே கம்பிகளில் தொங்கும் நடைபாலங்கள். நான்காம் மாடிப் பாலமும், அதற்கு நேர் கீழே இரண்டாம் மாடிப் பாலமும் ஒரே நீளக் கம்பியில் தொங்குவதாக முதலில் திட்டம். பிறகு செய்வதற்கு வசதியாக, அந்த ஒரு கம்பியை இரண்டாக்கினார்கள். மேல் பாலம் கூரையிலிருந்து தொங்கும். கீழ்ப் பாலம் மேல் பாலத்திலிருந்து தொங்கும்.

பார்வைக்குச் சின்ன மாற்றம். பஸ்ஸில் மேலே இருக்கும் கம்பியை இருவர் தனித்தனியாகப் பிடித்துத் தொங்கினால் ஒவ்வொருவர் கையும் தன் பாரத்தை மட்டும் தாங்கும். இரண்டாமவர் கம்பியை விட்டுவிட்டு முதலாமவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டால்? முதலாமவர் கைக்கு இரண்டு ஆள் பாரம். அதேதான் நடந்தது. மேல் பாலத்தின் இணைப்பில் பாரம் இரட்டிப்பானது. ஆட்கள் நிறைந்திருந்த ஒரு மாலையில் இரண்டு பாலமும் விழுந்தன. 114 பேர் இறந்தார்கள்.

விசாரணையில் முதல் திட்டமே கட்டட விதி கேட்ட பலத்தை எட்டவில்லை என்றும் தெரிந்தது. ஆனாலும் உறுத்துகிற விஷயம் இது: அந்த இணைப்பு மூல டிராயிங்கில் முழுமையாக விவரிக்கப்பட்டிருக்கவில்லை. மாற்றிப் போட்ட ஷாப் டிராயிங்கில் பொறியாளரின் ஒப்புதல் முத்திரை இருந்தது. முத்திரை குத்தும் முன் யாரோ ஒருவர் அந்தக் கோடுகளை ஐந்து நிமிடம் படித்து, "இந்த நட்டுக்குமேல் எத்தனை பாரம்?" என்று கேட்டிருந்தால் போதும். பொறுப்பானவர்கள் பிறகு உரிமம் இழந்தார்கள். போனவர்கள் வரவில்லை.

"அது கையால் வரைந்த காலம் சார்" என்பீர்கள். சரி, கம்ப்யூட்டர் காலத்துக்கே வருகிறேன். ஏர்பஸ் ஏ380 விமானத்தில் 500 கிலோமீட்டருக்கும் மேல் ஒயர் ஓடுகிறது. ஜெர்மனியில் ஹாம்பர்க்கில் ஒரு சாஃப்ட்வேரின் பழைய பதிப்பில் டிசைன் செய்தார்கள், பிரான்சில் துலூஸில் அதே சாஃப்ட்வேரின் புதிய பதிப்பில். விமானத்தைச் சேர்க்கும்போது ஒயர் எட்டவில்லை. 2006இல் கிடைத்திருக்க வேண்டிய முதல் விமானம் 2007 அக்டோபரில்தான் கைமாறியது. விலை உயர்ந்த சாஃப்ட்வேர் இரு பக்கமும் இருந்தது. எல்லாரும் ஒரே மாதிரி எழுதுவோம், ஒரே மாதிரி படிப்போம் என்ற ஏற்பாடு மட்டும் இல்லை. அந்த ஏற்பாட்டின் பெயர்தான் டிராயிங் தரம்.

"காகிதமே வேண்டாம், 3டி மாடலை அனுப்பினால் போதும்" என்பதும் கேட்டுப் பழகிய பாட்டுதான். மாடலில் ஒரு துளை 25 மி.மீ. என்று இருக்கும். எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம், எந்த முகத்திலிருந்து அளக்க வேண்டும் என்று யாராவது சொன்னால்தான் அது செய்யக்கூடிய பொருள். அதனால்தான் மாடல்மேலேயே இவற்றை எப்படி எழுதுவது என்று 2003இலேயே அமெரிக்காவில் ஒரு தரம் போட்டார்கள், பிறகு ஐ.எஸ்.ஓ.வும் போட்டது. காகிதம் போனது. இலக்கணம் அப்படியே கூட வந்தது.

இவ்வளவு பேசுகிறவர் உன் தப்பையும் சொல் என்றால், சொல்கிறேன்.

34 வருஷம் நடத்தினேன். அதில் பாதி வருஷம் விதியைச் சொன்னேன், காரணத்தைச் சொல்லவில்லை. ரிப்புக்கு ஹேட்சிங் போட்டவனுக்கு மார்க்கைக் குறைத்தேன், ஏன் போடக் கூடாது என்று விளக்கவில்லை. எழுத்து உயரம் 5 மி.மீ.க்குப் பதில் 6 இருந்தது என்று ஷீட்டைத் திரும்ப வரையச் சொன்னேன். எழுதியது படிக்கிறவருக்குப் புரிகிறதா என்று பார்க்கவில்லை. பிளம்மர் பிளாக், ஸ்டஃபிங் பாக்ஸ், ஸ்க்ரூ ஜாக் மூன்றையும் மனப்பாடமாக வரையக் கற்றுக்கொண்டு பாஸ் ஆனீர்கள். நான்காவதாக ஒன்றைக் கொடுத்திருந்தால் பலர் விழித்திருப்பீர்கள். அது என்மேல் உள்ள குற்றம். இந்தப் பாடம் வெறும் கோடு போடுகிற வேலை என்று நீங்கள் நினைப்பதற்கு நானும் ஒரு காரணம்.

அதற்குப் பரிகாரம் பாடத்தை எடுப்பது இல்லை. ஒழுங்காக நடத்துவது.

இப்போது ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களுக்கு: பையன்களை வரையச் சொல்வதோடு படிக்கவும் சொல்லுங்கள். தப்பான டிராயிங் ஒன்றைக் கொடுத்து, பத்துத் தப்பைக் கண்டுபிடி என்று பரீட்சை வையுங்கள். ஒருவன் வரைந்ததை இன்னொருவன் சோப்பில் செதுக்கட்டும். வரைந்தவன் வாயைத் திறக்கக் கூடாது. பொருள் சரியாக வந்தால் வரைந்தவனுக்கு மார்க். முதல் செமஸ்டரில் கம்ப்யூட்டரைத் தொடும் முன் வெறும் பென்சிலால் ஸ்கெட்ச் போட வையுங்கள். மூளை ஒரு பொருளைத் திருப்பிப் பார்க்கப் பழகுவது அங்கேதான்.

டிசைன் ஆபீஸில் இருப்பவர்களுக்கு: புரொஜெக்‌ஷன் குறி, அலகு, ஸ்கேல், பொது டாலரன்ஸ், திருத்த எண் இந்த ஐந்தும் இல்லாத ஷீட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். ஐந்தையும் எழுத ஒரு நிமிடம் ஆகாது. அந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடித்ததற்குத்தான் என் தங்கை மகன் 80,000 ரூபாய் கட்டினான்.

ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் கண்ணுகளுக்கு: குறி இல்லாத டிராயிங் வந்தால் மெஷினை ஆன் செய்யாதீர்கள். போனில் கேட்டால் போதாது, வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்குங்கள். ஒரு பீஸ் செய்து ஒப்புதல் வாங்கிய பிறகு மீதியைப் போடுங்கள். கேட்டால் மரியாதை குறையாது.

வீடு கட்டும் சொந்தங்களுக்கு: பிளானில் அளவு எழுதாத இடம் ஒன்று இருந்தாலும் திருப்பிக் கொடுங்கள். ஏ3 பிளானை ஏ3இலேயே பிரிண்ட் எடுங்கள். இருபது ரூபாயைப் பார்த்தால் சுவரை இடிக்க வேண்டி வரும்.

கடைசியாக, விவாதத்தைத் தொடங்கிய தம்பிக்கு. உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. உங்கள் கோடுகள் நம் வகுப்பிலேயே சுத்தமான கோடுகள், இன்றும் நினைவிருக்கிறது. ஆனால் ஒரு நாள் லீவ் போட்டுவிட்டு நீங்கள் அனுப்பிய டிராயிங் ஒன்றின் பின்னாலேயே போங்கள். எந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறதோ அங்கே ஒரு ஸ்டூலில் உட்காருங்கள். எண்ணெய்க் கையோடு ஒருவர் அதை வெளிச்சத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பார். அவருக்கு உங்களைத் தெரியாது, உங்கள் போன் நம்பரும் தெரியாது. அந்தத் தாளை மட்டும் நம்பி லேத்தை ஓட்டப் போகிறார்.

அதைப் பார்த்துவிட்டு வந்து, இந்தப் பாடம் வேண்டாம் என்று குழுவில் மறுபடி எழுதுங்கள். எழுதினால் நானும் ஒரு கட்டைவிரல் போடுகிறேன்.

மாற்றுக் கருத்து இருப்பவர்கள் தாராளமாகக் கமெண்டில் எழுதலாம். எழுத்துப் பிழைக்கு மார்க் குறைக்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் டிராயிங் வாத்தியார்